உன் சீட்டைக் கழட்டினது பத்தி

விசாலாட்சி,

“அப்போ நான்தான் பாரமா?”ன்னு காலைல நீ கத்தினது பக்கத்து வீட்டு பெங்காலி அண்ணன் வரைக்கும் கேட்டுச்சு. நான் உன்னைச் சொல்லல. ஸ்டெப்னி டயர், கேரியர், நீ உக்கார்ற சீட்டு மூணையும் கழட்டினாதான் மீன் லோடோட மின்னி பே ரோட்டு ஏத்தத்துல நம்ம பிக்கப் வண்டி வேகம் எடுக்கும்னு மெக்கானிக் குணா சொன்னான்.

எடுத்துச்சு. நேத்து இருபது நிமிஷம் முன்னாடியே போட் ஜெட்டிக்குப் போயிட்டேன். போட் வர்ற வரைக்கும் பேச ஆளில்லாம ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

சோறு வடிச்சிட்டேன். நான் பஸ்ல போறேன். வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. பதினோரு மணிக்கு குணா வந்து உன் சீட்டைத் திருப்பி மாட்டுவான்.

பி.கு. ஸ்டெப்னி மட்டும் வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடு, ஏத்தத்துல வண்டி இழுக்காது. நாளைக்கு என்கூட வர்றியா? இதுக்குக் கீழயே எழுதி வை.