நாச்சாத்தாளை நான் தரவில்லை

போன வாரம் வேலம்பாளையத்தில் இருக்கிற என் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் மை சூட்டில் காய்கிற நெடி எழுந்தபோது நீ நினைவுக்கு வந்தாய். இங்கே எப்போது வந்தாலும் வாசலிலேயே நான்கு தும்மல் போட்டுவிட்டுத்தானே உள்ளே நுழைவாய். உன்னை நினைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், சென்னையிலிருந்து சேனல் சார்பில் வந்திருந்த ஒரு தம்பி என் மேசைமேல் ஒரு கறுப்பு டி-சர்ட்டை விரித்தார். அதில் நீ உண்டாக்கிய நாச்சாத்தாளின் இரண்டு கண்கள். கீழே அவளுடைய வசனம்: "சாப்பிட்டியா கண்ணு?"

"சாம்பிள்தான் மேடம். நாச்சாத்தாளைத் திரும்ப சீரியலுக்குக் கொண்டு வர்றோம். நீங்க சம்மதிச்சா இந்த டி-சர்ட் ஆர்டர் மொத்தமும் உங்க யூனிட்டுக்கே" என்றார்.

சீசன் மந்தமாக இருக்கிறது. பிரிண்டிங் டேபிள்களில் பாதி சும்மா கிடக்கின்றன. அந்தத் தம்பி அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நாம் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போன காலத்தில்தான் நாச்சாத்தாள் பிறந்தாள். ஆயுத பூஜைக்கு நாடகம் போட வேண்டும் என்றார்கள். நீ எழுதினாய். வில்லி என்றால் கத்த வேண்டும், கண்ணை உருட்ட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நீ எழுதியவள் குரலே உயர்த்தவில்லை. புருஷனை இழந்து நிற்கும் கொழுந்தன் மனைவியிடம், "சாப்பிட்டியா கண்ணு?" என்று அன்பாகக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். அவ்வளவுதான். துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அந்தச் சாவியையே பார்த்தார்கள்.

"இவளை எங்க புள்ள புடிச்ச?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுலதான். எங்க பெரியம்மா" என்றாய். உன் அப்பா இறந்த பிறகு உன் அம்மா அந்த வீட்டில் எப்படி இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு நீ சென்னைக்குப் போய் சீரியல்களுக்கு வசனம் எழுதினாய். நாச்சாத்தாளை வைத்து ஒரு கதை சொன்னபோது சேனலுக்குப் பிடித்துப்போனது. ஒப்பந்தம் போடும்போது மட்டும் நீ அசையவில்லை. "நாடகத்தில் நான் முன்பே எழுதிய பாத்திரம், அதனால் பாத்திரம் என்னுடையது. இந்தக் கதை முடிந்த பிறகு அவள் எங்கே வந்தாலும், எந்தப் பொருளில் அவள் முகத்தைப் போட்டாலும் என் சம்மதம் வேண்டும்" என்றாய். வில்லியை யார் சொந்தம் கொண்டாடுவார்கள் என்று சேனல்காரர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள் என்று நீதான் சொன்னாய்.

அடுத்த சில வருடங்கள் தமிழ்நாடே அவளைக் கண்டு நடுங்கியது. திருப்பூரில் எந்த மாமியாரும் மருமகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க முடியவில்லை. என் பெண்ணிடம் நானே கேட்டுவிட்டு அவள் பார்த்த பார்வையில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாச்சாத்தாளுக்கு நீ கொடுத்த முடிவும் அந்தக் கேள்வியில்தான். எல்லோரும் போன பிறகு பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொள்கிறாள். கேட்க ஆளில்லை. சாப்பிடாமலே எழுந்து போகிறாள். கதை முடிந்தது.

ஆனால் சீரியல் முடியவில்லை. பேரப்பிள்ளைகள் கதை ஓடியது, பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், சேனல் நாச்சாத்தாளைக் கேட்டது. முதல் தடவை நீயே சம்மதித்து அவளுக்கு ஒரு நல்ல அத்தியாயம் எழுதிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு உன்னைக் கேட்காமலே அவளை வரவழைத்தார்கள். ஆற்றில் விழுந்து பிழைத்தாள். நினைவு தப்பினாள். கடைசியில் அவளுக்கு ஒரு இரட்டைச் சகோதரி முளைத்தாள். அன்றைக்கு நீ எங்கள் வீட்டில் இருந்தாய். டிவியில் நாச்சாத்தாள் இடி முழக்கத்தோடு வந்து, "சாப்பிட்டியா கண்ணூ!" என்று கத்தினாள். என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நீ சிரிக்கவில்லை.

"அது எங்கம்மாளோட பயம் புள்ள. அதைச் சிரிப்பா சிரிக்க வெக்கறாங்க" என்றாய்.

மறுநாளே வக்கீலைப் பார்த்தாய். சேனல் முதலில் மிரட்டியது, அப்புறம் கெஞ்சியது. இரட்டைச் சகோதரி வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லி வாயை மூடிக்கொண்டது.

அந்த வாரம் நாச்சாத்தாளாக நடித்த அம்மா உன்னைத் தேடித் திருப்பூருக்கே வந்தது நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே பொரிந்தார். "உங்களுக்கு அது கதை. எனக்கு அது சோறு. இந்த முகத்தைப் பார்த்து வேற யாரும் வேஷம் தர்றதில்ல. அவளையும் நிறுத்திட்டீங்க. நான் எங்க போறது?"

நீ அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தாய். அவர் அழுது முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். பிறகு, "ஏனுங்க, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமுங்களா?" என்று கேட்டாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு விதவையின் கதையை நீ அப்போதே அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாய். வேறொரு சேனலில் அது வந்தது. அந்தம்மாவைப் பார்த்துப் பயந்த சனங்களே, தெருவில் வேன் ஹாரன் கேட்டால் அவர் பெயரைச் சொன்னார்கள். நீ இறந்துபோனபோது உன் காலடியில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தவர் அவர்தான்.

அதற்குச் சில நாள் முன்னால், மருத்துவமனையில் நாச்சாத்தாளை என் பெயருக்கு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். நான் பதறிப்போனேன். "எனக்குக் கதை கிதை எதுவும் தெரியாது புள்ள" என்றேன். "கதை தெரிஞ்சவங்களுக்கு அவளை இன்னொருக்கா எழுதிப் பாக்கத் தோணும். உனக்குத் தோணாது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பிலும் இருமல்.

அந்தத் தம்பியை அனுப்பிவிட்டு நடிகையம்மாவுக்குப் போன் செய்தேன். மறுப்பதென்றால் முதலில் அவரைத்தானே கேட்க வேண்டும்? இவ்வளவு காலத்துக்குப் பிறகு வருகிற பெரிய வேஷம். அவர் வேண்டும் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"என்னை எங்க கூப்பிட்டாங்கம்மா? முகத்துக்கு மட்டும் கையெழுத்துக் கேட்டாங்க. கம்ப்யூட்டர்லயே பழைய வயசுக்குக் கொண்டு வந்துருவாங்களாம். நான் ஊட்டுலயே இருக்கலாமாம்" என்றார் அவர். நாச்சாத்தாளுக்காகப் பழகிய நம் ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முகம் என்னுது, அவ உங்களுது. ரெண்டு பேரும் இல்லைன்னுட்டா அவங்க யாரை வெச்சு எடுப்பாங்க?"

மறுநாள் தம்பி வந்தார். முடியாது என்றேன். அவர் விடவில்லை. "ஜனங்க கேக்கறாங்க மேடம்."

"கேக்கட்டுமுங்க தம்பி. அவ கதை முடிஞ்சுபோச்சு."

"மெஷின் எல்லாம் சும்மா கிடக்குதே..."

"கிடக்கட்டுமுங்க. வேற வேலை வரும். உங்களுக்குப் பயங்காட்ட ஒரு ஆள் வேணும்னா, புதுசா எழுதற புள்ளைங்ககிட்டக் கேளுங்க. யாரைக் கண்டு பயந்தாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. இப்பவும் அப்படிப்பட்ட ஊடுக இருக்குது."

அவர் டி-சர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். முடியாது என்று சொன்னது நான்தான். அது எனக்கே ஆச்சரியம். ஆர்டர் தருகிற பார்ட்டிகளிடம் சரி சரி என்றே பழகிய வாய் இது. நீ இருந்த வரைக்கும் உறுதியாகப் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் உன்னைத்தான் முன்னால் நிறுத்துவேன். இப்போது நானே நிற்கிறேன், நன்றாகவே நிற்கிறேன்.

நேற்று வக்கீலிடம் போய், எனக்குப் பிறகு நாச்சாத்தாள் என் பெண்ணுக்கு என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடும்போது அவளும் பக்கத்தில் இருந்தாள். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவள்தான். உன் பெரியம்மாவைப் பற்றி, உன் அம்மாவைப் பற்றி, பூட்டிய சமையலறையைப் பற்றி வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பல்லடம் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது, "அத்தை கடைசி வரைக்கும் நாச்சாத்தாளைக் கண்டு பயந்தாங்களாம்மா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். சரிதானே புள்ள?