நாயகியின் வயிற்று வலி

12.7.1974

இன்றும் வயிற்று வலி. எட்டரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வலிக்குதுங்கம்மா."

நாயகிக்குப் பதினாலு வயது, ஒன்பதாவது படிக்கிறாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த வயதுதான். பதினாறு வருஷமாக டீச்சர் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் சொல்லும் பொய்களில் முதல் பொய் வயிற்று வலி. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்துவிடலாம். இதை என்ன செய்ய?

நட என்றேன். நடந்தாள்.

3.8.1974

கம்பவுண்டர் அங்கமுத்து பூச்சி மருந்து கொடுத்தார். விளக்கெண்ணெயும் ஆயிற்று. பூச்சி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாள் தொக்கம் எடுக்கச் சொல்கிறாள். வயிற்றில் ஒட்டிக்கொண்ட சோற்றை ஊதி எடுக்கிற ஆள் இருக்கிறாராம். படித்துவிட்டு அதையெல்லாம் நம்பவா?

சத்துக் குறைவுதான். எருமை கன்று போட்டிருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் பால் கொடுத்ததை இரண்டாக்கிவிட்டேன். பால் நிறை உணவு என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். முகத்தைச் சுளித்தாள். நின்று குடிக்கவைத்தேன்.

19.5.1975

லீவுக்குத் தம்மம்பட்டியில் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். கன்னம் பூரித்திருக்கிறது. அவர்கள் வீட்டில் மாடு கன்று கிடையாது. பழைய சோறு, களி, குழம்பு, அவ்வளவுதான். "ஒருநாள்கூட வலின்னு சொல்லலியே அக்கா" என்கிறாள் தங்கை.

எப்படிச் சொல்வாள்? அங்கே பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லையே. இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

16.6.1975

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வலியும் வந்தாயிற்று. நான் நினைத்தது சரி.

22.1.1976

நாயகியின் வகுப்பு டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். முதல் பீரியட் முடிவதற்குள் எழுந்து ஓடுகிறாளாம். அந்தப் பள்ளியில் கக்கூஸ் கிடையாது, வேலி தாண்டிக் காட்டுப் பக்கம்தான் போக வேண்டும். மற்றப் பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பேர் வைத்திருக்கிறார்களாம். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. ஒரு டீச்சர் பெற்ற பிள்ளை இப்படியா என்றுதான் தோன்றியது.

மஞ்சள் வெட்டு நடக்கிறது. காட்டிலிருந்து சாப்பிட வந்த இவர் சொன்னார்: "புள்ள எளைச்சுப்போச்சு சௌந்திரம். சேலம் கூட்டிட்டுப் போயி ஒருக்கா காட்டலாமா?"

"நடிப்புக்கு எங்கீங்க மருந்து இருக்குது?"

"உனக்குத் தெரியாததா" என்று கை கழுவ எழுந்துவிட்டார்.

30.3.1977

எழுதக் கை வரவில்லை. இன்று எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை. நான் லீவு போட்டிருந்தேன். தெம்பாக இருக்கட்டும் என்று முட்டை அவித்து, பாலும் குடிக்கவைத்து அனுப்பினேன். பதினோரு மணிக்கே பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள் என்று அவளோடு படிக்கிற பெண்கள் வந்து சொன்னார்கள். இவள் வீடு வந்தபோது மணி ஒன்று. தலை ஈரம், பாவாடை தாவணி எல்லாம் ஈரம். பரீட்சையை உட்டுட்டு நம்ம கெணத்துல போயிக் குளிச்சிருக்கா!

ஏண்டி என்றேன். பேசவில்லை. அடித்தேன். இரண்டு அடி. அதற்கும் அழவில்லை, சொட்டச் சொட்ட நின்றுகொண்டே இருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் – இல்லை, இரண்டோடு நிறுத்திவிட்டேன். இரண்டுதான்.

9.6.1977

கணக்கில் பெயில். திரும்ப எழுதலாம், நானே சொல்லித் தருகிறேன் என்றேன்.

"மாட்டேனுங்கம்மா."

இதற்கு முன் என்னிடம் அவள் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க நினைத்திருந்தேன்.

11.1.1981

கல்யாணம் ஆகி நாலு மாதம். சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை மருதாசலம் லாரிச் சாமான் கடை வைத்திருக்கிறார், அமைதியானவர். நாயகி நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். "வயிறு எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "இப்ப இல்லீங்கம்மா" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் போய்விட்டது, வலியும் போய்விட்டது. வேறென்ன.

சம்பந்தி சென்னியம்மாள் எனக்கு வரக்காப்பி கொடுத்தார். அந்த வீட்டில் பால் வாங்குகிற பழக்கமே இல்லையாம். வசதியான வீடு, இதிலென்ன கஞ்சத்தனம் என்று நினைத்தபடி குடித்தேன்.

23.12.1982

பேத்தி பிறந்து நாற்பத்து நாலு நாள். தாய்ப்பால் ஊறட்டும் என்று, பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கும் நாயகிக்கு மூன்று வேளையும் பூண்டுப்பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபது நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. இந்த முறை நடிப்பு என்று சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வந்து அஸ்தம்பட்டியில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். நானும் போனேன்.

அந்த அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். காலையில் என்ன சாப்பிடுவீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வலிக்குது? மாமியார் ஊட்டுல வலிச்சுதா? சின்ன வயசுல? நாயகி ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று வைத்திருந்தவள் மாதிரி.

"இது பெரிய நோவு இல்லீங்க" என்றார் டாக்டர். "பால்ல ஒரு சர்க்கரை இருக்குது. வளர வளரச் சில பேர் குடலுக்கு அது செரிக்கிறதில்ல. செரிக்காதது அங்கியே பொங்கி உப்பிசம், வலி, பேதி எல்லாம் வரும். பாலை நிறுத்துங்க. கேவுரு, கீரை, கருவாடு நல்லாச் சாப்பிடட்டும். இவ்வளவு நாள் யாரும் கவனிக்கலீங்களா?"

நாயகி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

3.1.1983

பாலை நிறுத்திப் பத்து நாள். வலி இல்லை. பசி எடுத்துச் சாப்பிடுகிறாள், முகம் தெளிந்துவிட்டது. ஒன்பது வருஷம்!

மத்தியானம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். "தெரியாமப் போச்சு சாமி."

"எனக்குத் தெரியுங்கம்மா. அவங்க ஊட்டுக்குப் போன ரெண்டாம் மாசமே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏங்கண்ணு இங்க வந்து குடிச்ச?"

"நீங்க குடுத்தீங்க."

குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே, "சொன்னா நம்பமாட்டீங்கன்னு இருந்துட்டேன்" என்றாள்.

அந்தப் பரீட்சை நாளையும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். வெளியே போக அனுமதி கேட்டாளாம், கொஞ்சம் பொறு என்றார்களாம். பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையில் ஆகிவிட்டது. வாய்க்கால் ஓரமாகவே யார் கண்ணிலும் படாமல் நடந்து, நம் கிணற்றில் இறங்கி, துணியோடு அலசிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அவளைத்தான் நான் அடிச்சேன். பதினேழு வயசுப் புள்ளய.

4.1.1983

இவரிடம் சொன்னேன். எருமைக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

12.8.1983

தனித்தேர்வு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு அஸ்தம்பட்டி போனேன். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எழுது என்றேன். முழுவதும் படித்துப் பார்த்தாள். "அந்த ஆசை போயிருச்சுங்கம்மா" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேவுரு தோசை சுட்டுப் போட்டாள். நன்றாக இருந்தது.

17.10.1985

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் வயிற்று வலி என்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்றும் சாப்பிடவில்லையாம். சத்துணவுக் கூடத்தில் சொல்லிக் கொஞ்சம் முன்னாடியே சோறு போடச் செய்தேன். ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

12.6.1988

பேத்தி பூங்கொடிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. என் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாவதில் சேர்த்து என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று நானாகவே முடிவு செய்து, யூனிபாரமும் தைத்து எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி போயிருந்தேன். நாயகி அதைப் பிரித்துக் குழந்தை மேல் வைத்து அளவு பார்த்தாள். "நல்லாருக்குதுங்கம்மா." பிறகு மெதுவாக, "இங்கியே சேத்தியாச்சுங்க" என்றாள்.

"நான் இப்ப ஹெட்மிஸ்டிரஸ் சாமி. நல்லாப் பாத்துக்க மாட்டேனா?"

"நல்லாத்தான் பாத்துக்குவீங்க." குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "ஆனா அவ எங்கியாச்சும் நோவுதுன்னு சொன்னா, அதைக் கேக்க நான் பக்கத்துல இருக்கோணும்."

சரி என்றேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். "ராசிபுரத்துல எறங்கி மாறோணும், தூங்கிராதீங்கம்மா" என்றாள்.

ராசிபுரம் வரை தூங்கவில்லை.