மாட்டுங்காவில் கோட்டிய பிலாவிலை

பம்பாய்,
கொல்லம் 1130 ஆவணி 20

அன்புள்ள அம்மைக்கு, காந்திமதிநாதன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

எல்லைப் போராட்டத்தில் போலீஸ் தேடுகிறது என்று இங்கே வந்த தம்பி கைலாசத்தை, நம் ஆட்கள் நிறைந்த மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனேன். மெஸ்ஸில் கஞ்சியும் பயறும் கிடைத்தது. கரண்டியைக் கண்டதும், "அண்ணா, இதை வச்சா கஞ்சி குடிக்க?" என்று எழுந்துவிட்டான். வெளியே சக்கைப்பழம் விற்கிறவனிடம் பிலாவிலை வாங்கி, ஈர்க்குக் குத்தி, கரண்டி மாதிரிக் கோட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த மலையாளி, நெய்யாற்றின்கரைக்காரராம், "எனிக்கும் ஒண்ணு கோட்டித் தா, அனியா" என்றார். நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சண்டை போடுகிறவன், சிரித்துக்கொண்டே கோட்டிக் கொடுத்தான்.

மறுநாளே, "கூட்டாளியெல்லாம் ஜெயில்ல கெடக்கான், எனக்கு இங்க இருப்பு கொள்ளாது" என்று ரயிலேறிவிட்டான். கெட்டிக்காரன், பயப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், கோட்டிய இலை நாலைந்து கொடுத்துவிடுங்கள். காய்ந்தாலும் பரவாயில்லை. அவன் விட்டுப்போன இலை கீறிப்போய்விட்டது. எனக்குக் கோட்ட வராது. வீட்டில் எனக்கும் சேர்த்து அவன்தானே கோட்டுவான்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். கைலாசம் வீடு வந்து சேர்ந்தானா என்று மட்டும் உடனே எழுதுங்கள்.