கோதுமைப் பரோட்டா என்று நான் சொன்னது

ஆசை மச்சானுக்கு,

அங்கேயாவது வயிறாரச் சாப்பிடுகிறீர்களா? இங்கே விராலிமலை ரோட்டில் பரோட்டாக் கல்லுக்கு நான்தான் இன்னும் ராஜா. நான் மாவை அடிக்கிற சத்தத்தில் மலையிலிருக்கிற மயிலெல்லாம் மதுரைப் பக்கம் பறந்துவிட்டதாக ஊரே பேசுகிறது.

உங்களை எடுத்த அன்று உங்கள் மகள் கொத்துப் பரோட்டாக் கரண்டியால் என் மண்டையில் போட்டது தெரியுமா? "எங்கப்பாவைக் கொன்னது நீங்கதான் மாமா!" ஐந்து தையல். கடையில் கேட்கிறவர்களிடம், கத்தியோடு வந்த நாலு கொள்ளையரைத் தனியாளாக அடித்தபோது பட்டது என்று சொல்லி வைத்தேன். இப்போது ஆறு பேராகிவிட்டது.

அதற்கப்புறம் முகத்தில் முழிக்காதவள், போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்தாள். கையில் ஒரு மாவுப் பை.

"அம்மாவுக்கும் சுகர் வந்துருச்சு. நீங்க குடுத்துவிடுறதத்தான் திங்குது. இனிமே இந்த மாவுல போட்டுக் குடுங்க. வேற எதையும் சேக்கக் கூடாது."

என் அக்காவுக்கு, மச்சான். உங்கள் காலை முட்டிக்குக் கீழே அறுக்க வைத்த அதே வியாதி.

அது அவள் ஆராய்ச்சி பண்ணுகிற கோதுமை. மாவுச்சத்தில் இரண்டு வகையாம். ஒன்று கருவேலம் புதர்போலக் கிளைகிளையாக நிற்கும். வயிற்றுக்குள் போனதும் எல்லாக் கிளையிலும் ஒரே நேரத்தில் அரிவாள் விழுந்து, சர்க்கரையாகி ரத்தத்தில் பாயும். இன்னொன்று கிளையில்லாமல் இறுக்கிக் கட்டிய விறகுக்கட்டு. அரிவாள் சட்டென்று இறங்காது. கோதுமைக்குள் கிளை வைக்கிற வேலைக்காரன் ஒருவன் இருக்கிறான். மூன்று புல் சேர்ந்து பிறந்த பயிர் என்பதால் அவனும் மூன்று பேர். ஒருத்தனைச் சாய்த்தால் மற்ற இருவரும் வேலையை முடித்துவிடுவார்கள். மூன்று பேரையுமே சாய்த்துவிட்டாள் உங்கள் மகள்!

"மூணு கொலையா தாயி?"

"கொலையில்ல மாமா. மரபணுவுல ஒரு எழுத்து மாறுனாலே அவனுக்கு வேலை ஓடாது. அப்படி மாறுன செடிகளாப் பாத்து ஒண்ணு சேத்தோம்."

கடையில் நான் கொலை என்றே சொல்லிவருகிறேன்.

அந்த மாவு என்னை மதிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே கிடந்தது. குத்தினேன், அறைந்தேன், சுழற்றி வீசினேன். அந்தரத்தில் கிழிந்து ஒரு லாரி டிரைவர் முகத்தில் அப்பியது. அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் கரண்டியை ஓங்கினேன். டம்ளர்கள் பறந்தன.

"நீயெல்லாம் மாஸ்டரா? போயி செவுத்துக்குச் சுண்ணாம்பு அடி!"

அவள் அவரைச் சமாதானப்படுத்தத் திரும்பிய நேரத்தில், மானத்தைக் காப்பாற்ற ஒரு கை மைதாவை அள்ளிப் போட்டேன். பார்த்துவிட்டாள். கத்தவில்லை.

"அப்பாவுக்கும் இப்பிடித்தானா?"

மச்சான், வெறும் கோதுமை கிழியும் என்று பாதிக்குப் பாதி மைதா கலந்துதான் உங்களுக்குக் கோதுமைப் பரோட்டா அனுப்பினேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். மைதாவும் கோதுமையில் வருவதுதானே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். நீங்கள் "கோதுமதானடா, இன்னும் ரெண்டு வையி" என்று நம்பித் தின்றீர்கள். டாக்டர் ஆயிரம் காரணம் சொன்னார். அதில் என் கையும் ஒன்றா, மச்சான்?

"ஆமா தாயி" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தைகூட ஜோடிக்க வரவில்லை.

கலந்த மாவைக் கொட்டிவிட்டு, பையில் மிச்சமிருந்ததைப் பிசைந்து ஊறவிட்டு, வீசாமல் கையால் தட்டிப் போட்டேன். பிய்த்து மென்றாள்.

"செருப்பு மாதிரி இருக்கு மாமா."

"தெரியுது."

"அம்மாவுக்கு ரெண்டு கட்டுங்க. இது மருந்தில்ல, மாத்திரைய நிறுத்தச் சொல்லிராதீங்க."

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒங்கையில என்னடா கொள்ளி விழுந்துச்சு?" என்று வைதுகொண்டே அக்கா இரண்டையும் தின்று முடித்தாள்.

இனி அக்கா தட்டில் ஒரு சிட்டிகை மைதா விழுந்தாலும், அதைப் போட்ட கையைக் காய்ந்த கல்லில் வைத்து நானே அழுத்துவேன். இதில் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை, மச்சான்.

உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டின்
ஒரே மச்சினன்