எழுதிக் கொடுத்த ஊர்

1934 மார்ச் 4, பத்து பாகாட், மலாயா

இன்னும் இருபத்திரண்டு நாளில் நான் கப்பலேறியாக வேண்டுமாம். தங்கை செல்லத்துக்கு இப்போதுதான் ஏழு மாதம். பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். அம்மா இல்லை, கடல் தாண்டும் தெம்பு இவளுக்கும் இல்லை. அதனால் தாய்வீடே கப்பலேறி வந்தது. தாய்வீடு என்றால் கல்யாணமாகாத அண்ணன், நான் ஒருவன்தான். மாப்பிள்ளை வேலு ரப்பர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பதில்லை. போன தடவை வலி கண்டபோது இவள் தனியாகக் கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை.

மார்ச் 9

விடிவதற்குள் பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போனேன், தங்கும் நாளை நீட்டித்துக் கேட்க. அங்கே குடியேற்ற ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி அய்யாவு தமிழர்தான். காகிதத்தைப் பார்த்தார். "காரைக்காலா? பிரெஞ்சுப் பிரஜைங்க நீங்க, அந்நியர். மூணு மாசம்னா மூணு மாசந்தான் லா."

என்னோடு அதே கப்பலில் வந்த நாகூர் ஜவுளிக்காரரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிட்டிஷ் பிரஜையாம்! நாகூருக்கும் காரைக்காலுக்கும் மாட்டுவண்டியில் ஒரு காலைப்பொழுது. ஒரே சந்தையில் கத்தரிக்காய் வாங்கியவர்களில் நான் மட்டும் அந்நியனா?

கப்பலில் "பிரெஞ்சுப் பிரஜை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவனும் நான்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

மார்ச் 10

கோபம் தணியவில்லை. சோறு இறங்கவில்லை.

மார்ச் 13

"நாகப்பட்டினத்துப் பக்கம் பொறந்தேன்னு சொல்லிடுங்க மச்சான். யாரு பார்க்கப் போறா?" என்றார் வேலு. பொய் சொல்லச் சொல்கிறீரா என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து செல்லம் சிரித்தாள். "பொய் என்னண்ணே? நீ மஞ்சக்கொல்லையிலதானே பொறந்தே, அம்மாவோட பொறந்த வீட்டுல!"

உண்மைதான். நான் தலைச்சன், அம்மா தாய்வீடு போய்த்தான் என்னைப் பெற்றாள். மஞ்சக்கொல்லை நாகப்பட்டினத்தை ஒட்டிய ஊர், இங்கிலீஷ்காரன் மண். ஆனால் ஊர் எது என்று கேட்டால் தொட்டில் கட்டிய ஊரையா எழுதுவார்கள்? அப்பாவின் ஊரைத்தானே எழுதுவோம்!

மார்ச் 15

மறுபடி ஜொகூர் பாரு. "அலமாக்! அப்ப நீங்க எழுதிக் குடுத்தது பொய்யா?" என்றார் அய்யாவு.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"மன்னார்குடி."

"அங்கேயா பிறந்தீர்கள்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பொறந்தது இங்க மலாயாவுல, கிள்ளான்லங்க."

அதன்பிறகு அவரே என்னைத் துரையிடம் அழைத்துப் போனார். பிறந்த இடத்தைச் சத்தியம் செய்து கையெழுத்திட்டால் நான் பிரிட்டிஷ் பிரஜை, இஷ்டம்போல் இருக்கலாம் என்றார் துரை. ஆனால் அதன் நகல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் போகுமாம். போனால் காரைக்காலில் என் வாத்தியார் வேலை என்னவாகும்? அது பிரெஞ்சுப் பிரஜைகளுக்கு மட்டும் கொடுக்கும் வேலை. கையெழுத்திடாமல் திரும்பி வந்தேன்.

மார்ச் 21

என் அம்மா எங்கே படுத்துப் பெற்றாள் என்று விசாரிக்க இரண்டு சர்க்கார்! வெட்கமாக இல்லையா இவர்களுக்கு?

செல்லம் சொல்கிறாள்: "நீ போண்ணே. வேலைய விட்டுடாதே. நான் பார்த்துக்கறேன்."

போன தடவை கடிதத்திலும் இதையேதான் எழுதியிருந்தாள், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று.

மார்ச் 24

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மே 7

உச்சிவேளையில் வலி கண்டது. வேலு லாரியோடு ஆயர் ஈத்தாமில். நான்தான் ஓடிப்போய் மருத்துவச்சி வெள்ளையம்மாவைக் கூட்டி வந்தேன். பெண். இருவரும் நலம். வாசலில் நின்று அழுதேன், யார் பார்த்தால் என்ன?

மே 19

காரைக்காலிலிருந்து கடிதம். பிரெஞ்சுப் பிரஜை அல்லாதவருக்குப் பள்ளியில் இடமில்லையாம். பதினோரு வருஷம் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அங்கேயும் நான் அந்நியன்!

படித்ததும் ஒரு கத்து கத்தத்தான் வாயைத் திறந்தேன். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.