வேலியில் முற்றிய பீர்க்கு

லாத்தா,

நேற்றுப் புத்தளம் டவுனில் ஒரு கடைக்குச் சவர்க்காரம் வாங்கப் போனேன். அங்கே பீர்க்கங்கூடு தொங்குகிறது. நம் கிணற்றடி வேலியில் காய்த்துத் தொங்கியதே, அதே சாமான்தான். ஆனால் அதை வெளுக்கவைத்து, கண்ணாடித்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். விற்கும் பிள்ளை, "இயற்கையான சாமான் ஆன்ட்டி. தேச்சுக் குளிச்சா நிறம் வரும்" என்றாள். "ஓம் மகள், நானும் கேள்விப்பட்டிருக்கிறன்" என்றேன். எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

நீங்கள் கூட இருந்திருந்தால் வயிறெரிந்திருப்பீர்கள். வேலியில் சும்மா காய்க்கிறதைக் காசு கொடுத்து வாங்கும் மடையர் யார் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டிருப்பீர்கள். வெட்கத்தில் நான் வாசலுக்கு வந்திருப்பேன்.

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும், மூத்தவள் என்று வீட்டுச் சாவி உங்கள் கைக்கு வந்தது. குசினி அடுப்பும் வாப்பாவும் நானும் அதோடு வந்தோம். உங்களுக்கு உம்மாவின் வெள்ளை நிறம். எனக்கு வாப்பாவுடையது. வாப்பா பிறந்ததே கறுப்பாகத்தான் என்பதை நீங்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. உப்பளத்து வெயிலில் நின்று கறுத்துப்போனார் என்றே ஊரெல்லாம் சொன்னீர்கள். அப்படியானால் என் மேலில் இருந்ததும் பிறகு வந்து ஒட்டியதுதானே? ஒட்டியதைத் தேய்த்தால் போகும். அது உங்கள் கணக்கு.

முதல் மாரி மழைக்கு விதை போடுவீர்கள். கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கமாகக் கொடி கிடுகு வேலியில் ஏறும். பிஞ்சில் கறிக்குப் பறிப்போம். முற்றி மஞ்சளாகும்போதே பறித்து ஊறவைத்து உரித்தால் நார் மெத்தென்று இருக்கும். அது உங்கள் மேலுக்கு. கொடியிலேயே காயவிட்டு, உலுக்கினால் விதை சலசலக்கும்வரை வைத்திருந்தால் நார் முரடாகிவிடும். அது சட்டிக்கும் எனக்கும்.

வெள்ளிக்கிழமை காலையென்றால் நீங்கள் என்னைத் தேய்க்கும் நாள். பாவாடையைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருப்பேன். நம் கிணற்றில் உவர்த் தண்ணீர். தேய்த்த இடத்தில் பட்டால் எரியும்.

"அழாத. ஊத்தை போகுது."

"ஊத்தை இல்ல லாத்தா. தோல்."

"தோல்லதான்டி ஊத்தை இருக்கு."

கொஞ்சம் வளர்ந்து, தையல் பழகி, முதல் கூலி கைக்கு வந்ததும் நான் வாங்கியது ஒரு ஸ்பொஞ்சு. ரோஸ் நிறம். கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். நீங்கள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தீர்கள். "கடைச் சாமான் தடவும். ஒனக்குத் தடவினா சரிவராது" என்று கோழிக்கூட்டுத் தகரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டீர்கள். அன்று நான் இரவுச் சோறு தின்னவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை.

பிறகு மதுரங்குளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்திய கிழமை முழுக்க என்னைத் தினமும் தேய்த்தீர்கள். தேத்தண்ணீர்த் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் உம்மா என் முழங்கையைத்தான் பார்த்தார். தோல் உரிந்து, பக்குக் கட்டியிருந்தது. "புள்ளைக்கு என்ன சொறி வருத்தமா?" என்று கேட்டார். நீங்கள் இல்லை இல்லை என்று சிரித்தீர்கள். அவர்கள் பலகாரத்தைக் கூடத் தொடாமல் எழும்பிப் போனார்கள். என் நிறத்தைப் பற்றி அந்தப் பெண் ஒரு சொல்லும் கதைக்கவில்லை லாத்தா. நிறம் அவருக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கலாம். நீங்களோ வாசற்கதவைச் சாத்திவிட்டு, "கறுப்பெண்டு சொல்ல வெட்கப்பட்டுப் புண்ணைச் சாட்டுச் சொல்றாங்க" என்றீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டீர்கள்.

எனக்கு உங்களிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. போதும், நீ இருக்கிறபடியே நல்லா இருக்கிறாய் என்று ஒருதரம் சொல்லியிருக்கலாம். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும், பெருநாளைக்குச் சேலை மாற்றி உங்கள் முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் சேலையைப் புகழ்ந்தீர்கள்.

உங்களைக் கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி, பிள்ளையும் இல்லாமல், இரண்டு கிட்னியும் பழுதென்று நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது வேறு யார் பார்ப்பது? சிலாபம் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். அந்த வருத்தம் உங்கள் நிறத்தைத் தின்றது. முதலில் முகம், பிறகு கை, பிறகு கால். மேலெல்லாம் கடி வேறு, ஓயாமல் சொறிவீர்கள். "நம்ம பீர்க்கங்கூட்டை எடு. அழுத்தித் தேய்" என்று கத்துவீர்கள். நர்ஸ் நோனா சிங்களத்தில் "ஹெமின், ஹெமின்" என்று என் கையைப் பிடித்து, மெதுவாகத் துடைக்கக் காட்டித்தந்தாள். நான் கடையில் மெத்தென்ற ஸ்பொஞ்சு வாங்கினேன்.

"கடையில வாங்கினதா?"

"ஓம்."

"ஒன் வேலியில இல்லையா?"

"இருக்கு. காஞ்சு தொங்குது."

"அப்ப அதைக் கொண்டு வாடி! இந்தக் கறுப்பு போகட்டும்!"

நான் கொண்டுவரவில்லை. நர்ஸ் சொன்னதற்காகத்தான் என்று உங்களிடம் சொன்னேன். உண்மையில், உங்களைத் தேய்த்தால் அந்தக் கறுப்பு போய்விடுமோ என்றும் ஒரு பயம் இருந்தது.

ஒருநாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். கனநேரம் பார்த்தீர்கள்.

"இப்ப நான் ஒன்னை விடக் கறுப்பா?"

"ஓம் லாத்தா."

உங்கள் கண் கலங்கியது. இப்போதாவது சொல்வீர்கள் என்று ஸ்பொஞ்சைப் பிடித்தபடி நின்றேன். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள்.

"எனக்கு இது வருத்தத்தால வந்தது. ஒனக்குப் பொறவி."

அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு கதைத்ததெல்லாம் தண்ணீரும் மருந்தும்தான். நோன்பு வருமுன் மௌத்தாகிவிட்டீர்கள். எனக்கு அழுகை வந்தது, பொய்யில்லை. ஆனால் அழும்போதும் கோபம் குறையவில்லை.

உங்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பிறகு, குளிப்பாட்ட வந்திருந்த பெண் எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டார். "லாத்தாவைப் பொறுத்துக்கிட்டீங்கதானே? ஹலாலாக்கிடுங்க. நீங்க பொறுத்தாத்தான் அல்லாஹ்வும் பொறுப்பான்." அறை நிறையப் பெண்கள். "ஓம்" என்றேன். கலிமா சொல்லிக்கொண்டே உங்கள் முகத்தை மூடினார்கள்.

அது அவர்களுக்குச் சொன்ன ஓம். உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மறுமைக்கு வரும்போது என் தொழுகை நோன்போடு இதையும் கொண்டுவருவேன். அங்கே என் வாயிலிருந்து அந்தச் சொல் உங்களுக்குத் தேவைப்படும். வந்து கேளுங்கள், தரலாம். கேட்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.