கமரா இருக்கும் பின்சீட்

ஞாயிறு, நவம்பர் 9

வெக்ஸ்போர்ட்டில் நூலக மண்டபத்தில் இன்று ஒரு பழைய ஊமைப்படம் காட்டினார்கள். லீவு நாளிலும் படமா என்று முணுமுணுத்துக்கொண்டே என் மனைவி சுகந்தியும் வந்தாள். படத்தில் ஓர் ஆங்கிலேயர் பட்லராக வந்து கதவைத் திறந்தார், விருந்தாளியின் கோட்டை வாங்கினார், போய்விட்டார். நாற்பது படங்களுக்கு மேல் அவருக்கு இதே வேலைதானாம். பலவற்றில் பெயர்கூடப் போடவில்லையாம்.

திரும்பும்போது காரில், "என்ர கதையும் உதுதான்" என்றேன்.

"எப்பிடி? அந்தாளின்ர முகமாவது தெரியுது. உங்கட முகத்தை நான் ஒரு படத்திலயும் காணேல்லையே" என்றாள்.

பதினொரு வருடமாக எனக்குத் தருவது டாக்சி டிரைவர் வேடம். வசனம் பேசுகிறவர்கள் பின்சீட்டில் இருப்பார்கள். கமராவும் அங்கேதான். அவள் சொன்னதில் என்ன பிழை? அதனால்தான் எரிகிறது.

நாளை விட்பியில் படப்பிடிப்பு. மறுபடியும் டாக்சி. பின்கழுத்து முடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வரும்படி மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முடியைச் சுகந்திதான் வெட்டிவிட்டாள். அவள் படுத்த பிறகு, யாரும் கேட்காமலே, நான் முகமும் வழித்துக்கொண்டேன்.